காமராஜ் போட்ட லைட்டு

ஒச்சப்பன் அறிமுகமானது போடி தாலுகா ஆபீசில், முதல் பட்டதாரி சான்றிதழுக்கான வரிசையில். வீட்டில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று அரசாங்கமே முத்திரை குத்தித் தரும் காகிதம் அது. இதை எழுதுபவன் அதை வாங்க, பக்கத்து ஊரிலிருந்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். முன்னால் நின்றவன் மேலெல்லாம் டீசல் வாடை. விடியலில் அப்பாவின் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோய் இறக்கிவிட்டு அப்படியே வந்திருந்தான்.

"எங்கப்பன் படிக்கலைங்கிறதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு, பாத்தியா மாப்ளே. இதுக்கும் சாட்சி கேக்குறாய்ங்க" என்று திரும்பிச் சிரித்தான். பழக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

அவனுக்குச் சொந்த ஊர் முந்தல். மலை ஏறும் ரோடு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்பா சீனிச்சாமி காலமெல்லாம் ஜீப் ஓட்டியவர். இருட்டு பிரியுமுன் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டி பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் விடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். கல்லூரி விடுமுறைகளில் அந்த ஸ்டியரிங் ஒச்சப்பன் கையில் இருந்தது. மதுரையில் உணவுத் தொழில்நுட்பம் படித்தான். பிறகு மேல்படிப்புக்கு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் போனான். ஜீப் ஸ்டாண்டில் அந்தப் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சீனிச்சாமியே "லண்டன்" என்றுதான் சொல்லி வந்தார்.

அங்கே அவனோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். கேலம் அந்த ஊர்க்காரன். சிமி நைஜீரியப் பெண். 'ஒச்சப்பன்' அவர்கள் வாயில் நுழையாமல் 'ஒச்' ஆனது. கேலம் விழுந்து விழுந்து சிரித்தான். அவர்கள் ஊரில் கிழவர்கள் நாற்காலியில் உட்காரும்போது அலுத்துப்போய் விடுகிற சத்தமாம் அது.

"பேரு பொருத்தமாத்தான் வச்சிருக்கான்" என்று இதை எழுதுபவன் போனில் சொன்னபோது ஒச்சப்பன் சிரிக்கவில்லை. வகுப்பு, வகுப்பு முடிந்தால் ஆய்வகம், சனி ஞாயிறில் ஈழத்தமிழர் ஒருவரின் கடைக்குக் காய்கறி வேன் ஓட்டுவது. மதியம் சாப்பிட்டு நிமிர்ந்தால் வெளியே இருட்டிவிடும். "எம்புட்டுத் தூங்குனாலும் தூங்குன மாதிரியே இல்லடா" என்பான். வேறு புகார் கிடையாது. அதுவே திரும்பத் திரும்ப வரும்.

ஒரு வருடம் முடியப்போகும் சமயத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. கொச்சியில் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்து, மூணாறு பார்த்து, போடி வழியாக ராமேஸ்வரம் வரை போவது என்று கேலமும் சிமியும் திட்டம் போட்டார்கள். ஒச்சப்பன் மனதில் வேறொன்று இருந்தது. ஆய்வுக் கட்டுரை ஒன்றுதான் பாக்கி. ஆனால் அவன் திரும்பிப் போவதாக இல்லை. அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பெல்ட் கட்டிக்கொண்டுதான் வண்டியில் ஏறுகிறார். அவரை இறக்கிவிட்டு ஜீப்பை வாங்கிக்கொள்ள வேண்டும், தெரிந்த ரோட்டில் தெரிந்த ஆட்களோடு கிடந்துவிட வேண்டும். இதை அப்பாவிடம் நேரில் சொல்வதற்கே அவன் அந்தக் காரில் ஏறினான். நண்பர்களுக்கு அது தெரியாது.

வழியெல்லாம் அவனே ஓட்டினான். கொச்சி தாண்டுவதற்குள்ளேயே கேலம் ஸ்டியரிங்கைக் கையெடுத்துக் கும்பிட்டு விட்டான். நேரியமங்கலம் ஏற்றத்தில் பஸ்கள் உரசிக்கொண்டு போனபோது சிமி கண்ணை மூடிக்கொண்டாள். மூணாறில் அவர்கள் படம் எடுத்த நேரமெல்லாம் இவன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக் கிடந்தான். பூப்பாறையில் தங்கி, மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். போடிமெட்டில் கட்டன்சாயா குடித்துவிட்டு இறங்கத் தொடங்கியபோது பனி ரோட்டை மூடியிருந்தது. இனி வீடு என்ற நினைப்பில் அவன் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது.

பாதி மலை இறங்கியிருப்பார்கள். ஒரு வளைவில் முந்தைய வாரத்து மழைக்கு ரோட்டோரம் சரிந்திருந்தது. கல்லை அடுக்கி ஒரு வண்டி மட்டும் போக வழி விட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பனிக்குள்ளிருந்து ஒரு வண்டி லைட்டை இரண்டு தடவை அடித்தது. ஒச்சப்பன் கையைத் தூக்கி ஒரு நன்றி காட்டிவிட்டுக் காரை உள்ளே விட்டான்.

லைட் அடித்த வண்டி நிற்கவில்லை. லோடோடு முக்கிக்கொண்டு ஏறி வந்த ஜீப் அது. இரண்டும் குறுகலில் முட்டிக்கொள்ள இருந்த நேரத்தில் ஜீப்காரன் வண்டியை மலைப் பக்கம் ஒடித்தான். முன்சக்கரம் ஓடைக்குள் இறங்கியது. பின்னால் இருந்த பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். தூக்குச்சட்டி ஒன்று உருண்டு ரோட்டுக்கு வந்து சோறு கொட்டியது.

"எவன்டா அவன்? லைட்டு போட்டா நிக்கத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சு!"

முதலில் இறங்கி வந்தவள் ராக்கு. கன்னத்தில் வெற்றிலை அடக்கியிருந்தாள், வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தாள். கார்க் கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் குரல் மாறியது.

"ஆத்தாடி! இது நம்ம சீனிச்சாமி மகன்ல!"

ஜீப்பை ஓட்டிவந்த காமராஜும் இறங்கினான். ஒச்சப்பனுக்குக் கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்தவன். கோபப்படக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. "மாப்ளே... நீயா? ஏறி வர்ற வண்டி லைட்டு போட்டா நிக்கணும்னு நீயே எத்தன பேர வஞ்சிருக்க!"

ஒச்சப்பன் நண்பர்களுக்கு விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னான். கேலம் அவன் தோளைத் தொட்டு, நான் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன், எங்கள் ஊரில் லைட் அடித்தால் 'நீ முதலில் வா' என்று அர்த்தம் என்றான். ஒச்சப்பன் அதைத் தமிழில் சொன்னான். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது.

"ஓகோ" என்றாள் ராக்கு. "அவுக ஊருல வழி விடுறதுக்கு லைட்டு போடுவாகளாக்கும். இங்க வழி கேக்குறதுக்குல்ல போடுறோம்."

அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது. பெண்களும் கேலமும் சிமியுமாக ஜீப்பைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். ராக்குவின் கை அதற்குள் வீங்கிவிட்டது. ஏலச்செடித் தூரில் குனிந்து காய் கிள்ளுகிறவளுக்கு அந்தக் கை இல்லாமல் தோட்டத்தில் சோலி இல்லை. காமராஜ் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போனான். ராக்குவைக் காரில் ஏற்றி ஒச்சப்பன் போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கினான். அவள் வலியை மறக்க, பக்கத்தில் இருந்த சிமியின் தலைப்பின்னலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். "எம்புட்டு நேரம் பின்னுச்சுன்னு கேளு அப்பு. எங்களுக்கெல்லாம் ஈரு உருவக்கூட நேரமில்ல." எலும்பு முறியவில்லை, நரம்பு பிசகியிருக்கிறது, கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டார்.

சீனிச்சாமி மத்தியானம் வீட்டுக்கு வந்தார். நடந்த சேதி முன்னாலேயே அவர் காதுக்குப் போயிருந்தது. நண்பர்கள் இருவரும் உள்ளே அசந்து தூங்கினார்கள். அவர் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மகனைப் பார்த்து நாளாயிற்று. பார்த்ததும் கேட்டது இதுதான்.

"ராக்குக்குக் கை எப்பிடியிருக்கு?"

"நரம்பு பிசகியிருக்காம். கட்டுப் போட்டுருக்கு."

"காமராசு லைட்டு போட்டானா போடலையா?"

"போட்டாருப்பா."

"போட்டா என்ன அர்த்தம்?"

"நில்லுன்னு."

"தெரிஞ்சே வந்திருக்க."

"யோசிச்சு வரலப்பா. கை அதுவா விட்ருச்சு."

சீனிச்சாமி தண்ணீர் குடித்தார். அதற்குமேல் தள்ளிப்போட்டால் சொல்லவே முடியாது என்று ஒச்சப்பன் சொல்லிவிட்டான். திரும்பிப் போகவில்லை, அலுத்துவிட்டது, ஜீப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள். நெடுநாள் மனசுக்குள் வைத்துப் பழகிய பேச்சு, வெளியே வந்தபோது அரை நிமிடம்கூட இல்லை.

அப்பா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்திருந்தான். அவர் போடவில்லை. அவரும் களைத்திருந்தார்.

"இன்னைக்கு காலம்பர வரைக்கும் நீ இதச் சொல்லிருந்தா சாவியக் குடுத்திருப்பேன்டா அப்பு. சத்தியமா. எனக்கும் முடியல."

"பழகிக்கிறேன்ப்பா. பத்து நாள்ல கை பழையபடி வந்துரும்."

"வரும். யாரு பிள்ளைகள பின்னாடி ஏத்தி வச்சுக்கிட்டுப் பழகுவ?"

ஒச்சப்பன் ஆணியில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தான்.

"உன் மேல தப்பில்ல" என்றார் அவர். "ஒரு வருசம் அங்க ஓட்டிருக்க, கை அந்தூருக் கையாப் போச்சு. ஆரம்பிச்ச படிப்ப முடி. முடிச்சிட்டு அலுப்பா இருந்தா வா, வேற சோலி பாப்போம். இந்த ரோடு வேணாம்." பிறகு பெல்ட்டை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டு, தோட்டத்து ஆட்களைக் கூட்டி வரக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஸ்டாண்டில் யாரும் அவனைத் திட்டவில்லை. காமராஜ் செல்போன் டார்ச்சை அவன் முகத்தில் அடித்து, "மாப்ளே, இப்ப வருவியா நிப்பியா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஊருக்கு வந்த விருந்தாளியைக் கேலி செய்வது மாதிரி இருந்தது அது என்று பின்னால் சொன்னான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்குமாம்.

ராமேஸ்வரத்துக்குக் காரில் போகவில்லை. கொச்சி வாடகைக் கம்பெனி ஆள் வந்து காரை எடுத்துப் போனான். மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். மதுரை வரை அவன் தூங்கவில்லை என்று சிமி சொன்னதாகக் கேள்வி.

ஒச்சப்பன் படிப்பை முடித்துவிட்டான். இப்போது கிளாஸ்கோவில், உறைபதன மீன் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. ராக்கு கை தேறி மறுபடி காய் எடுக்கப் போகிறாள். சீனிச்சாமி ஜீப்பை விற்றுவிட்டு, முந்தலில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலையில் இருக்கிறார்.