மலர்க்கொடியும் பேசாத ஊரும்

சிம்பாங் அம்பாட்டில் அந்தப் புதுத் தாமான் குடியிருப்பில் மலர்க்கொடியைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஃபேக்டரி பஸ்ஸில் போகிற பெண். இருபத்தேழு வயதாகியும் பிளேஸ்டேஷனோடு குடும்பம் நடத்துகிறவள். இரண்டும் உண்மைதான். மூன்றாவதாக ஒன்று உண்டு, அது அவர்களுக்குத் தெரியாது. கோலாலம்பூரில் அச்சாகும் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், ராசிபலனுக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில், வாரா வாரம் வீடியோ கேம் பற்றிக் கருத்து எழுதுகிற 'மலர்க்கொடி, மலாக்கா' அவள்தான்.

பத்து பெரண்டாம் பக்கத்து சிப் ஃபேக்டரியில் அவளுக்கு வேலை, மைக்ரோஸ்கோப்பில் குனிந்து சிப்பில் கீறல் தேடுவது. கீறல் இருந்தால் சிவப்புப் புள்ளி வைத்து ஒதுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் குறை கண்டுபிடிக்கிற வேலை. அதை அவள் ரசித்துத்தான் செய்தாள். கீறலைக் கண்டால் மற்றவர்கள் புள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். இவளோ அது ஏன் வந்தது, எந்த மெஷினில் வந்தது என்று சூப்பர்வைசரைப் போட்டுக் குடைவாள். அந்த மனுஷன் இவளைக் கண்டாலே வேறு வழியாகப் போக ஆரம்பித்தார்.

"கேள்வி கேக்குறதுக்கு சம்பளம் குடுத்தா நீ இந்நேரம் பங்களா கட்டியிருப்ப" என்பாள் அவள் அம்மா மீனம்மா. ரப்பர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய மனுஷி. எஸ்டேட்டை விற்று வீட்டு நிலமாக்கியபோது தாயும் மகளும் இந்தத் தாமானுக்கு வந்தார்கள்.

பத்திரிகையில் எழுத வந்ததும் கேள்வி கேட்டுத்தான். ஒரு கேமைப் பற்றி யாரோ தப்பாக எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஆறு பக்கத்துக்குச் சண்டைக் கடிதம் போட்டாள். ஞாயிறு பதிப்பைப் பார்த்துக்கொண்ட ரங்கசாமி சார் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, இவ்வளவு தெரிந்தவள் நீயே எழுது என்று சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். அந்த அரைப் பத்தி இடத்தைக் கேட்டு யாராவது ஒரு கட்டி தங்கம் நீட்டியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மார்ச் மாதம் அந்த இடத்துக்கே ஆபத்து வந்தது.

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் திருட்டு சிடி விற்கிறவன், அவள் வாங்கிய இரண்டு கேமோடு மூன்றாவதாக ஒன்றைச் சும்மாவே பைக்குள் போட்டான். எவனும் வாங்க மாட்டேன் என்கிறான், நீயாவது எடுத்துக்கொண்டு போ என்றான். பெயர் 'லேன்டர்ன்ஸ் ஆஃப் ஓரெத்'. வாளும் மந்திரமும் பூதமும் வருகிற கதை. திருட்டு சிடி என்பதால் கூட வரவேண்டிய புத்தகம் கிடையாது, பிளாஸ்டிக் உறையும் மங்கலான ஒரு படமும்தான். யாரும் சீந்தாததில் என்னதான் இருக்கிறது என்கிற அரிப்பு அவளுக்கு. போட்டுப் பார்த்தவள் ஒரேயடியாக விழுந்துவிட்டாள். மூன்று தடவை முதலிலிருந்து ஆடினாள். ஓய்வு நாளெல்லாம் சேர்த்து அறுபது மணி நேரம் ஆடிவிட்டுத்தான் எழுதினாள்:

'ஓரெத் என்ற ஊருக்கு ஒரு பையோடு நீங்கள் வந்து சேர்கிறீர்கள். யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். உள்ளூர்க்காரனுக்கு ஐந்து காசுக்குக் கொடுப்பதைக் கடைக்காரன் உங்களுக்குப் பத்துக் காசு என்பான். சத்திரத்தில் கட்டில் காலியாகக் கிடக்கும், ஆனால் இடமில்லை என்பார்கள். இத்தனைக்கும் அந்த ஊருக்காகப் பூதங்களோடு சண்டை போட வேண்டியதும் நீங்கள்தான். கஷ்டமான கேம், ஆனால் உண்மையான கேம். வாழ்க்கையை இப்படி உள்ளபடி காட்டிய வேறொரு கேமை நான் பார்த்ததில்லை.'

அடுத்த வாரமே ரங்கசாமி சார் ஃபோன் செய்தார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"மலர், கோலா சுங்கை பாருவிலேருந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. சிவசாமின்னு, முடிதிருத்தும் கடை வச்சிருக்காராம். படிக்கிறேன் கேளு. 'ஓரெத் ஊர்க்காரர்களைப் போல அன்பானவர்களை நான் எந்த கேமிலும் கண்டதில்லை. சத்திரத்தில் படுக்கை இலவசம். கடைக்காரன் கேட்காமலே கொசுறு தருகிறான். எழுதிய பெண் இந்த கேமை ஆடவே இல்லை. உறையில் இருக்கும் படத்தைப் பார்த்துக் கதை விட்டிருக்கிறார்.' என்னம்மா இது?"

"சார், சத்தியமா நான் ஆடினேன் சார்! அறுபது மணி நேரம் லா!"

"அப்ப அந்தாளு பொய் சொல்றாரா? அவருக்கு என்ன லாபம்? இங்க பாரு, ரெண்டு வாரம் டைம் தர்றேன். விளக்கம் இருந்தா எழுது. ஆனா எப்படியும் 'தவறுக்கு வருந்துகிறேன்'னு நாலு வரி எழுதிக் குடுத்துடு. அது இல்லேன்னா பத்தியை நிறுத்துறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

மலர்க்கொடி ஃபோனை வைத்தாள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அதைவிடப் பெரிதாக வேறொன்று மண்டைக்குள் ஓட ஆரம்பித்திருந்தது. ஒரே கேம், ஒரே ஊர். ஒருத்தனுக்குக் கொசுறு, இன்னொருத்திக்கு இரட்டை விலை. எப்படி?

முதலில் தன் கண்ணையே சந்தேகப்பட்டாள். பழைய எஸ்டேட் ஆட்களில் இரண்டு பேரிடம் பிளேஸ்டேஷன் இருந்தது. காளிதாஸ் செக்யூரிட்டி கார்ட் வேலை பார்த்தான். ஷாந்தினி கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவள். இருவருக்கும் சிடியை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் ஆடிவிட்டு அபிப்பிராயம் சொல்லச் சொன்னாள்.

"ஊமைப் பயலுங்க ஊரு" என்றான் காளிதாஸ். "ஆனா சண்டை நல்லா இருக்கு. ஓகே லா."

"கடைக்காரன் ரொம்ப மோசம்க்கா" என்றாள் ஷாந்தினி. "நான் உள்ள போனதும் சாமானையெல்லாம் மறைச்சு வைக்கிறான். மத்தபடி படம் ரொம்ப அழகு."

ஆக மூன்று பேருக்கும் ஒரே ஊர்தான் தெரிந்தது. தான் பொய்யில்லை என்பது உறுதியானதும் அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் சிவசாமி? வேறு சிடியா? சண்டை போடவா, தெரிந்துகொள்ளவா என்று தனக்கே புரியாமல், ஓய்வு நாளன்று காலையில் அவள் பஸ் ஏறினாள். அலோர் காஜாவில் ஒன்று, மஸ்ஜித் தானாவில் ஒன்று என்று மாறிக் கோலா சுங்கை பாருவில் இறங்கியபோது கருவாட்டு வாடை அடித்தது.

கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஒரு மலாய் மீனவர் சவர நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூலையில் டிவியும் பிளேஸ்டேஷனும். சிவசாமிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கத்தரித்த மீசை, நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

"முடி வெட்டணுமாம்மா? பொம்பளைங்களுக்கு இங்க வெட்டுறதில்லையே."

"இல்லண்ணே. நான் மலர்க்கொடி. நீங்க பேப்பர்ல பொய்க்காரின்னு எழுதினீங்களே, அது நான்தான்."

சிவசாமியின் கத்தி அந்தரத்தில் நின்றது. நாற்காலியில் இருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து கத்தியைப் பார்த்துக்கொண்டார்.

"அவ்வளவு தூரத்திலேருந்தா வந்த?" என்றார் சிவசாமி. முகம் சுருங்கிப்போனது. "கோவத்துல எழுதிட்டேன் தங்கச்சி. எனக்கு ரொம்பப் பிடிச்ச கேம் அது. இந்த ஊர்ல அதைப் பத்திப் பேச ஓர் ஆள் கெடையாது. உன் எழுத்தைப் பாத்ததும் ஆஹா, ஒருத்தி ஆடுறாளேன்னு ஆசையா படிச்சேன். பாத்தா என் ஊர்க்காரனையெல்லாம் திட்டி வச்சிருக்க."

"நீங்க ஆடிக் காட்டுங்கண்ணே. நான் பாக்கணும்."

சவரத்தை முடித்து மீனவரை அனுப்பிவிட்டு அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். மலர்க்கொடி தன் சிடியைத்தான் போடச் சொன்னாள். முதலிலிருந்து ஆட்டம் தொடங்கியது. அதே மலைப்பாதை, அதே மரப்பாலம். ஊர் வாசலில் அதே கல்சாமி, அதன் முன் தட்டில் அதே மூன்று சிவப்புப் பழம். சிவசாமி சாமிக்கு முன்னால் வந்து நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார்.

"என்னண்ணே, எடுங்க."

"எதை?"

"பழத்தை லா. எடுத்தா பலம் பத்து ஏறும்ல?"

சிவசாமி திரும்பி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "சாமி தட்டுலேருந்து நாமளே கை விட்டு எடுக்கிறதா? கும்பிட்டுட்டு நிக்கணும்மா. குடுத்தா வாங்கிக்கணும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, சாமிக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்துகொண்டு வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண் வந்தாள். மலர்க்கொடி அறுபது மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவளைப் பார்த்ததில்லை. அவள் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தாள். ஊருக்குள் நுழைந்ததும் கிணற்றடியில் நின்றவர்கள் வா என்றார்கள். களைத்து வந்திருப்பாய் என்றாள் ஒருத்தி. கடைக்காரன் ஐந்து காசுதான் சொன்னான், மேற்கொண்டு ஒரு ரொட்டியும் வைத்தான்.

மலர்க்கொடிக்கு விளங்கிவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணே, எங்க எஸ்டேட்ல முனியாண்டி சாமிக்குப் பூசாரியே கெடையாதுண்ணே! யார் போறாங்களோ அவங்களே சூடம் கொளுத்தி, அவங்களே துன்னூறு பூசி, தட்டுல இருக்கிற வாழப்பழத்த எடுத்துத் தின்னுட்டு வந்துருவோம். எடுக்காம வந்தாதான் சாமிக்குக் கோவம் வரும்னு அம்மா சொல்லும். காளிதாஸ், ஷாந்தினி எல்லாருமே அங்கதான் வளந்தது. எல்லாரும் பழத்த எடுத்திருக்கோம். இந்த ஊர்க்காரனுங்க எங்கள சாமி சொத்து திருடினவங்கன்னு நெனச்சு ஒதுக்கி வச்சிருக்கானுங்க!"

சிவசாமியும் சிரித்தார். "எங்க ஊர்க் கோயில்ல ஐயர் தட்டைத் தொட்டா கையை ஒடிச்சுருவாரு." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "அது சரி தங்கச்சி, ஒண்ணு கேக்குறேன். அறுபது மணி நேரம் ஒருத்தன் உன்கூடப் பேசல, கடையில டபுள் வெல, படுக்க எடமில்லங்கிறான். ஏதோ தப்பு நடந்திருக்குன்னு உனக்குச் சந்தேகமே வரலியா?"

மலர்க்கொடிக்குச் சிரிப்பு அப்படியே வற்றிவிட்டது. சிப்பில் மயிரிழைக் கீறல் விழுந்தால் ஏன் ஏன் என்று ஊரைக் கூட்டுகிறவள் அவள். மூன்று தடவை ஆடியும் இந்த ஊரைப் பார்த்து ஒரு தடவைகூட அவள் ஏன் என்று கேட்கவில்லை.

"தெரியலண்ணே" என்றாள். "எஸ்டேட்ட விட்டு தாமானுக்கு வந்து மூணு வருசமாச்சு. பக்கத்து வீட்டுல இன்னும் எங்கம்மா பேரு தெரியாது. வாடகைக்கு வீடு தேடினப்ப, எஸ்டேட்டுன்னு சொன்னதும் எத்தனை பேர் ஆள் வந்துருச்சுன்னு சொன்னாங்க தெரியுமா? நான்... ஊருன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன்."

சிவசாமி எழுந்தார். எதிர்க் கடையிலிருந்து நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீ இரண்டு வாங்கிவந்து ஒன்றை அவளிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து அவள் எழுதினாள். பழம், தட்டு, பூசாரி இல்லாத முனியாண்டி கோயில் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. சிவசாமி சொன்ன ஓரெத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் ரங்கசாமி சார் கேட்ட நாலு வரியை மட்டும் எழுத அவளுக்குக் கை வரவில்லை. 'நான் பார்த்த ஓரெத்தை வாபஸ் வாங்க முடியாது. அதுவும் இந்த கேமுக்குள் இருக்கிற ஊர்தான். அதில் இருந்தவர்கள், என்னையும் சேர்த்து, மூன்று பேர் எனக்கே தெரியும்' என்று முடித்து அஞ்சலில் சேர்த்தாள்.

ரங்கசாமி சார் ஃபோன் செய்தார். "வருத்தம் தெரிவிக்கச் சொன்னேனே?"

"நான் வருத்தப்படுறேன் சார். தப்பா எழுதினதுக்கு இல்ல, ஏன்னு கேக்காம ஆடினதுக்கு."

அவர் ஃபோனை வைத்துவிட்டார். அந்த ஞாயிறு அவளுடைய இடத்தில் ஒரு தைல விளம்பரம் வந்தது. அடுத்த ஞாயிறும் அதேதான். நாலு வரிதானே, எழுதித் தொலைத்திருக்கலாமே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாம் ஞாயிறு காலை மீனம்மா பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ரங்கசாமி சாருக்கே மனசு மாறியிருக்க வேண்டும், நாலு வரி வருத்தம் இல்லாமலே, ஒரு வரி வெட்டாமல் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள்.

வாசகர் கடிதங்கள் ஒரு கட்டாக வந்தன. பகாங், பேராக், ஜொகூர் என்று எங்கெங்கோ இருந்த எஸ்டேட்காரர்கள், நானும் பழத்தை எடுத்தேன், நானும் எடுத்தேன் என்று எழுதியிருந்தார்கள். ரங்கசாமி சார் ஒன்றை மட்டும் தனியாக உறையில் போட்டு, இதற்கு நீதான் பதில் எழுத வேண்டும், எனக்குத் தெரியவில்லை என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்து அனுப்பியிருந்தார். சுங்கை ரம்பாய் எஸ்டேட்டில் லோரி ஓட்டுகிற முனுசாமி என்பவர் எழுதியது.

'தங்கச்சி, நீங்க சொன்னபடி பழத்தை எடுக்காம நின்னேன். அந்தப் பொம்பள வந்து குடுத்தா. ஊரே என்கிட்ட அன்பா பேசுது. முன்ன ஆடுறப்ப நம்ம ஊரு மாதிரியே இருந்துச்சு, ஒரு நாளும் இது கேம்னு எனக்குத் தோணினதில்ல. இப்பதான் தோணுது.'

மலர்க்கொடி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பேனாவை எடுத்து, 'முனுசாமி அண்ணனுக்கு' என்று எழுதி, அதற்குக் கீழே 'எனக்கும் அப்படித்தான்ணே' என்று எழுதினாள்.