சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குத்தான் காலையில் பார்த்தது மனதைவிட்டுப் போகவில்லை.

கொரட்டூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பைக் இடித்து, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போகும் செல்வியக்கா சைக்கிளோடு விழுந்துவிட்டார்.

பைக்கில் வந்தவர் பதறிப்போய் "சாரிக்கா" என்றார்.

"ஒன்னியும் இல்ல, நீ கெளம்பு நைனா" என்று அக்காவே அனுப்பிவிட்டார். பைக்கின் நம்பரை யாருமே பார்க்கவில்லை, நான் உட்பட.

கூடியவர்களில் ஒருவர் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி ஹேண்டில்பாரை நேராக்கினார். இன்னொருவர் செயினை மாட்டினார். "வண்டி நல்லாக்கீதும்மா, ஏறு!"

அக்கா ஹேண்டில்பாரைப் பிடிக்கப் பார்த்தார். வலது கைவிரல்கள் மடங்கவே இல்லை.

"அக்கா, கை வீங்குது. ஆஸ்பத்திரி போலாம்" என்றேன்.

"லேட்டானா சூப்பர்வைசரு கத்துவாரும்மா."

"இந்தக் கையோட எப்படிக்கா தைப்பீங்க?"

அப்போதுதான் அவர் முகம் மாறியது. ஆட்டோவில் ஏறியதும் கேட்டார்: "சைக்கிள பூட்னியாம்மா?"

எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பில் விரிசல்.

தயவுசெய்து, விழுந்தால் முதலில் ஓரமாக உட்காருங்கள். கை, கால், தலையைப் பாருங்கள். இடித்த வண்டியின் நம்பரைப் படமெடுக்கச் சொல்லுங்கள். "ஒன்றும் இல்லை" என்பதை டாக்டர் சொல்லட்டும்.

நீங்கள் விழுந்தபோது முதலில் பார்த்தது கையையா, சைக்கிளையா? உண்மையைச் சொல்லுங்கள்.