டைனமோ றேடியோவில் ஒரு சொல்

மின்சாரமே இல்லாத ஊரில் றேடியோ திருத்துகிறவனுக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். தொண்ணூறுகளின் சண்டைக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரைச்சல்

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து உடுவிலில் இருந்தவர் பிலோமினா அக்கா. கடலில் நேவியிடம் பிடிபட்ட அவருடைய கணவர் அலோசியஸ் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. விடுதலையாகும் மீனவர்களின் பெயர்களை மாலைச் செய்தியில் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, றேடியோவோடு என் கடைக்கு வந்தார். சைக்கிளைச் சுற்றிச் செய்தி போட்டோம்; இரைச்சல்தான் வந்தது. டைனமோ மின்சாரத்தை டயோட் போட்டு ஒரே பக்கமாகத் திருப்பினாலும் அது விட்டுவிட்டுத்தான் வரும். அதுதான் அந்த இரைச்சல். அக்கா சொன்னார்: "தம்பி, ஒண்டும் விளங்கேல்லை. எல்லாப் பேரும் அவரின்ரை பேர் மாதிரிக் கிடக்கு."

வெடி

அதே பெயர்களை மறுநாளும் வாசிப்பார்களாம். இதற்கு மருந்து கப்பாசிற்றர். கிணற்றடித் தொட்டியைப் போல வேலை செய்யும். வாளி விட்டுவிட்டு ஊற்றினாலும் வாய்க்காலில் தண்ணீர் சீராகப் போகும். புதுச்சாமான் ஏது? செத்துப்போன அம்பிளிபயர் ஒன்றிலிருந்து நாலைக் கழற்றினேன். உதவிக்கு வந்த அக்காவின் கொழுந்தன் சூசை, ஒன்றைத் தலைமாறிப் பூட்டிவிட்டுச் சுற்றினார். படாரென்று வெடித்தது. எல்லோரும் பழக்கதோஷத்தில் நிலத்தில் விழுந்து படுத்தோம். முதலில் தலையைத் தூக்கியவர் சூசைதான்: "அண்ணை, வெளியிலை இல்லை. உள்ளுக்கைதான்."

பெயர்

மிச்சம் மூன்றையும் சேர்த்துப் பூட்டினேன். மறுநாள் பின்னேரம் கடை நிறையப் பெண்கள். அதே படகுகளில் போனவர்களின் மனைவிமார். சூசை சுற்ற, பெயர்கள் தெளிவாக வந்தன. "குருநகர், யோசேப்பு..." தன் தகப்பன் பெயரைக் கேட்டதும் சூசை திகைத்துப்போய் ஓடுகிற சைக்கிள் சில்லைக் கையால் பிடித்துவிட்டார். குருநகரில் எத்தனை யோசேப்பு! சில்லு நின்ற பிறகும் றேடியோ ஒரு சொல் சொன்னது. "அலோசியஸ்." பிறகுதான் அடங்கியது.

அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஒளிப்பானேன். சட்டென்று அவர் நிமிர்ந்து சூசையை அதட்டினார்: "ஏன்டா நிக்கிறாய்? சுத்து! இவளவையின்ரை மனிசன்மாற்றை பேரும் வரவேணுமெல்லே."

பெடலை விட்டால் கப்பாசிற்றர் ஒரு சொல்லுக்குத்தான் தாங்கும் என்று அதுவரை எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த நான், அதற்குப் பிறகு கேட்கவில்லை.