சக்கரம் போய் உலக்கை வந்தது

மலாயாவில் சுங்கை பினாங்கு ஊர் நவமணி ஓடிப்போனாளாமே! கட்டின புருஷனோடு படகேறியவளுக்கு அதுவா பேர்?

அவள் புருஷன் சன்னாசி, ஒரு துரையிடம் பழைய பாய்மரப் படகு வாங்கினான். பின்பக்கம் முழுக்கச் சுக்கான் திருப்புகிற சக்கரம். நவமணிக்கோ கடலில் போவதென்றால் உயிர்.

"சக்கரமே இடத்த அடச்சிக்கிச்சு, நீ எங்க உக்காருவ?" என்பான்.

"அப்ப கழட்டிப் போடுங்க லா! மலாய்க்காரங்க ஒத்தக் கட்டையிலதான திருப்புறாங்க?"

கழற்றினான். சுக்கானில் செருகத் தோதான கட்டைதான் அகப்படவில்லை. அவள் தன் சீதன உலக்கையையே தூக்கிக் கொடுத்தாள்.

"மாவு இடிக்கப் போறானா, மீன் பிடிக்கப் போறானா?" என்று தெருவே சிரித்தது.

சக்கரம் பிடித்த கை அல்லவா! முதலில் தனியாக ஓட்டிப் பார்க்க ஏறியவன், வலப்பக்கம் போக உலக்கையை வலப்பக்கமே தள்ளினான். படகு இடப்பக்கம் பாய்ந்து சேற்றில் செருகியது.

"எதிர்ப்பக்கம் தள்ளுங்க!" என்று கரையில் நின்று குதித்தாள் நவமணி. பழக்கத்தில் அதே பக்கம் தள்ளினான்; மறுபடியும் சேறு. தலையிலடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு உலை வைக்கப் போய்விட்டாள்.

இடுப்புவரை சேற்றோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். "ஒன் ஒலக்க ஒனக்குத்தான் அடங்கும். வா புள்ள!"

கொதிக்கிற உலையை அப்படியே இறக்கிவிட்டு, முந்தானையைச் செருகி, கெக்கெக்கே என்று சிரித்தபடி வாசல் தாண்டினாள். கதவைச் சாத்தக்கூட நினைவில்லை. அதைப் பார்த்துத்தான் ஓடிப்போனாள் என்கிறார்கள்.