ஒன்பதுக்கு எட்டு அறையில் ஒரு ரயில் பாதை

1. கிச்சன் அவன் கேட்டது

மாடுலர் கிச்சன் டிசைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் சாஃப்ட்வேரைப் பற்றித்தான். நான் அவர்களுக்குச் சொல்வது, புதுச்சேரி சாரம் பகுதியில் ஒரு வீட்டுக்கு நான் போட்டுக் கொடுத்த பொம்மை ரயில் பாதையைப் பற்றி.

அப்போது புதுச்சேரியில் ஒரு இன்டீரியர் கம்பெனியில் சீனியர் டிசைனராக இருந்தேன். சாரத்தில் ஒரு தரைத்தள வீட்டில் கிச்சனுக்கு அளவெடுக்கப் போனேன். வீட்டுக்கார அம்மா மதாம் தெரேஸ், எழுபதைத் தாண்டியவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த கணவரோடு பிரான்சுக்குப் போய், அங்கே ரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். கணவர் இறந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். வீல்சேரில்தான் நடமாட்டம். கிச்சனுக்கு ஆர்டர் கொடுத்தது சென்னையில் இருக்கும் அவருடைய மகன் பஸ்கால்.

நான் டேப்பைச் சுருட்டும்போது மதாம் வீல்சேரை முன்னறைப் பக்கம் திருப்பினார்.

"கிச்சன் அவன் கேட்டது. எனக்கு வேணுங்கறது இங்க இருக்கு, வா."

மூன்று அட்டைப் பெட்டிகள். உள்ளே ஹெச்.ஓ. அளவு ரயில். நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. இன்ஜின், பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள் எல்லாம் காகிதத்தில் சுற்றியபடியே இருந்தன. பிரான்சில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. அங்கே குடியிருந்த வீட்டில் விரித்து வைக்க இடமில்லையாம்.

"ரயில் வந்து நின்னதும் ஓடிப் போய் ஏறணும், கெளம்பறதுக்குள்ள தொடச்சிட்டு எறங்கணும். ஒரு ரயிலாவது எனக்காக நின்னுதா? இது நிக்கும். இந்த ரூம்ல போட்டுக் குடும்மா."

அறை ஒன்பதடிக்கு எட்டடி. முதலாளியிடம் சொன்னபோது சிரித்தார். "பொம்ம வேலையா? சரி கலா, கிச்சனோட சேத்து முடிச்சிடு. பெருசா இழுத்துக்காத."

2. மூன்று டிராயிங்

முதல் டிராயிங்கில் எல்லோரும் போடுவதைத்தான் போட்டேன். ஆறுக்கு நாலு பிளைவுட் டேபிள், அதன் மேல் முட்டை வடிவத்தில் பாதை. அறையில் பிளைவுட்டுக்குப் பதிலாகத் தெர்மாகோல் ஷீட்டுகளை ஸ்டூல் மேல் பரப்பிக் காட்டினேன். மதாம் கையை நீட்டிப் பார்த்தார். பாதி தூரம்கூட எட்டவில்லை.

"அந்தாண்ட கவுந்துச்சுன்னா யாரு எடுப்பா? உன்ன போன் பண்ணி கூப்புடவா?"

டேபிளைச் சுற்றி வரவும் வீல்சேருக்கு வழியில்லை. இரண்டாவது டிராயிங்கில் நடுவைக் காலியாக விட்டு, நான்கு சுவரையும் ஒட்டிப் பாதையைக் கொண்டுபோனேன். வாசலில் மட்டும் தூக்கி இறக்கும் பலகை. மதாம் உள்ளே வந்ததும் பலகையை இறக்கிவிட்டால் ரயில் தடையில்லாமல் சுற்றும். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

மதாம் டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள வந்தா பலகைய போடணும், பாத்ரூம் போகணும்னா தூக்கணும். என்னைய உள்ள வச்சி பூட்டறியா கலா?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஹெச்.ஓ. ரயில் முழுதாகத் திரும்ப இரண்டு முனையிலும் இரண்டரை அடிக்குமேல் அகலம் வேண்டும். வீல்சேர் திரும்ப ஐந்தடி வேண்டும். இந்த அறையில் இரண்டில் ஒன்றுதான் திரும்ப முடியும் என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

"அப்போ ரயில் திரும்ப வேணாம்" என்றார் மதாம். "நம்ம ஊரு ரயில் என்னா சுத்திக்கினா இருக்குது? விழுப்புரத்துலேந்து வருது, இங்க வந்து முடிஞ்சி போச்சு. மறுபடி போவுது. அது ரயில் இல்லையா?"

மூன்றாவது டிராயிங் அங்கேயே சாக்பீஸால் தரையில் வந்துவிட்டது. இரண்டு சுவரை ஒட்டி 'ட' போல ஒரு பலகை. ஒரு முனை விழுப்புரம், மறுமுனை புதுச்சேரி. பலகையின் அகலத்தை மதாமின் கையை வைத்து முடிவு செய்தோம்: ஒன்றரை அடி. உயரத்தை அவர் முழங்காலை வைத்து முடிவு செய்தோம். வீல்சேர் பலகைக்கு அடியில் நுழைய வேண்டும். அதனால் கீழே கால் வைக்காமல் சுவரில் பிராக்கெட் அடித்தோம். மூலையில் மட்டும் வளைவுக்காகப் பலகையைக் கொஞ்சம் அகலப்படுத்தினேன்.

இன்ஜின் முன்னால் வந்து நின்றுவிட்டால் திரும்பிப் போவது எப்படி? அதற்கு இரண்டு முனையிலும் பக்கத்தில் ஒரு லைன், அதில் பிரியவும் சேரவும் தண்டவாளத்தை மாற்றிவிடும் இரண்டு பாயின்ட். இன்ஜின் கழன்று, பக்கத்து லைனில் போய், பெட்டிகளின் பின்பக்கம் மாட்டிக்கொள்ளும். அந்த லைனின் நீளத்துக்கு மூன்று பெட்டிதான் அடங்கும். "அஞ்சு பெட்டி இருக்கே" என்றேன். "ரெண்டு ஷெட்ல நிக்கட்டும், மாத்தி மாத்தி விட்டுக்கறேன்" என்றார்.

3. கட்டில்

பிராக்கெட் அடித்து, பிளைவுட் பாதி ஏறியிருந்த நாளில் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னாலேயே பஸ்கால் காரில் இறங்கினார். லாரியில் ஆஸ்பத்திரிக் கட்டில் இருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அமர்த்தி, முன்னறையில் கட்டில் போட்டு அங்கேயே படுக்க வைப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். அதை அம்மாவிடம் கேட்கவில்லை.

"மம்மா, அடுத்த காலுக்கும் ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்றது? சென்னைலேந்து தினம் ஓடி வர முடியுமா? இந்த வயசுல ரயில் விளையாட்டு தேவையா?" அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

மதாம் வீல்சேரை உருட்டிக்கொண்டு போய் அறை வாசலின் நடுவில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டார். கட்டிலைத் தூக்கி வந்த இருவரும் அதைப் பிடித்தபடி நின்றார்கள்.

பஸ்கால் போனில் என் கம்பெனியைப் பிடித்துப் பேசிவிட்டு, மறுபடி அம்மாவிடம் பேச ஆரம்பித்தார். என் செல்போன் அடித்தது. முதலாளி. "கலா, அந்தப் பலகையெல்லாம் கழட்டிட்டு வந்துடு. ஆர்டர் அவரு குடுத்தது. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவுல நமக்கு என்ன வேல?"

"சார், வீடு அவங்களுது. டிராயிங்க ஓகே பண்ணதும் அவங்கதான். கழட்டணும்னா அவங்க சொல்லட்டும்."

"நீ கழட்டலன்னா நாளைக்கி ஆபீசுக்கு வர வேணாம்."

"சரி சார்" என்று போனை வைத்தேன். டிரில் மிஷினை எடுத்து அடுத்த ஸ்க்ரூவைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் பஸ்கால் பேச்சை நிறுத்தினார்.

அப்போதுதான் மதாம் வாயைத் திறந்தார். "கட்டில் வேணாம்னு நான் சொல்லல பஸ்கால். என் படுக்க ரூம்ல போடு. ஆளையும் வை, நல்லதுதான். தூங்கற எடத்துல தூங்கறேன். இது நான் முழிச்சிருக்கற எடம். இங்க கட்டில் வந்துச்சுன்னா நான் எழுந்திரிக்க மாட்டேன்."

கட்டிலைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர், "சார், கை வலிக்குது. எங்க எறக்கறது?" என்றார்.

பஸ்கால் உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினார்.

4. அதற்குப் பிறகு

மறுநாள் நான் ஆபீசுக்குப் போகவில்லை. ரயில் பாதையின் மீதி வேலையைச் சொந்தமாகவே முடித்துக் கொடுத்தேன். முதல் ரயில் மூலை வளைவில் தடம் புரண்டது. பிளைவுட் இணைப்பில் ஒரு பக்கம் மேடாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் சரியாக ஓடியது. கவிழ்ந்த பெட்டிகளை மதாமே கையை நீட்டி எடுத்து வைத்தார். பஸ்காலுக்கு இந்த ரயில் விஷயத்தில் இன்றும் பெரிய ஒப்புதல் இல்லை. ஆனால் வரும்போதெல்லாம் பாயின்டுகளைத் துடைத்து வைக்கிறார் என்று மதாம் சொன்னார்.

எனக்கு அந்தக் கம்பெனியில் திரும்ப வேலை கிடைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அரியாங்குப்பத்தில் ஒரு சின்னக் கடை வைத்துத் தனியாகச் செய்கிறேன்.

போன வாரம் ஒருவர் வந்தார். மாமியாருக்கு மாடியில் ஒரு அறை வேண்டும், சின்னதாக இருந்தால் போதும் என்றார். இடத்தின் அளவைக் கையோடு கொண்டு வந்திருந்தார். மாமியாரை நான் பார்க்க வேண்டும் என்றேன். "அவங்ககிட்ட என்னங்க கேக்கறது, நாங்க சொல்றோமே" என்றார்.

"அவங்க கை எவ்வளவு தூரம் எட்டும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. மாமியாரை அழைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு டேப்பை எடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதனால் கைவிட்டுப் போகிற ஆர்டர்கள் போகட்டும்.