இன்சீன் ஆலயத்துக்கு யார் காவல்?

புதன்கிழமை காலை ஏழேகால் மணி. யங்கோன் மத்திய ரயில் நிலையத்தில் நானும் சாமுவேல் ஐயாவும் வட்ட ரயிலுக்காக நின்றிருந்தோம். நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடும் ரயில் இது. இன்சீன் வரை டிக்கெட் ஐந்நூறு சாட். பர்மியப் பணத்தை நம் பத்திரிகைகள் கியாட் என்று எழுதினாலும் இங்கே எல்லார் வாயிலும் சாட்தான். நிலைய வாசலில் குடித்த தேநீருக்கு ஆயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டார்கள். ரயிலை விட டீ விலை அதிகமாக உள்ள ஊர் என்று அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன்.

சாமுவேல் ஐயா துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யங்கோனிலேயே பசுந்தாங் பகுதியில் உள்ள ஒரு தமிழ்ச் சபைக்குச் செயலர். பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயத்துக்காரர் ஒருவர் சொல்லிவிட்டதால் என்னை ஒரு வாரம் தம் வீட்டு விருந்தாளியாக ஏற்றுக்கொண்டார். மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது, கரண்ட் வந்தால் வந்ததுதான். ஆனால் அவர் மனைவி வைத்த மீன் குழம்புக்காக இன்னும் மூன்று மாடி ஏறலாம். ஐயா வளைந்து கொடுக்காத மனிதர். அந்த வீட்டில் பல்லிகூட அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சத்தம் போடும்.

யங்கோனுக்கு வருகிறவர்கள் பொன் வேய்ந்த பகோடாவைப் பார்ப்பார்கள், பச்சைக்கல் வாங்குவார்கள். எனக்கோ பூட்டிக் கிடக்கிற ஆலயம் எதுவென்று விசாரிக்கத்தான் தோன்றும். இந்தப் பைத்தியம் வேல்ஸ் நாட்டில் பிடித்தது. ஸ்வான்சியில் இருக்கும் என் தங்கை, தெருவுக்குத் தெரு மூடிக் கிடக்கும் சின்னச் சின்ன ஆலயங்களை எனக்குக் காட்டினாள். அவற்றைக் கல்லெறிகிறவர்களிடமிருந்தும் தீ வைக்கிறவர்களிடமிருந்தும் காப்பதற்கென்றே ஒரு தன்னார்வக் கூட்டம் உண்டு. ஜன்னலுக்குக் கம்பி வலை, கதவுக்கு இரட்டைப் பூட்டு, வாசலில் கேமரா, எச்சரிக்கைப் பலகை. அவர்களோடு நாலு நாள் சுற்றியதில் ஆலயப் பாதுகாப்பில் பாதி நிபுணி ஆகிவிட்டதாக எனக்கொரு நினைப்பு. அதைக் கேட்டுத்தான் ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ரயில் ஆடி அசைந்து போகும்போது விஷயத்தைச் சொன்னார். "இன்சீன்ல ரயில்வேக்காரங்க கட்டின ஆலயம்மா. ஒர்க்ஷாப்ல நம்ம சனம் நெறைஞ்சு இருந்த காலத்துல கட்டினது. இப்ப அஞ்சு குடும்பந்தான் மிச்சம். ஆராதனை நின்னு வருசக்கணக்காச்சு. உள்ளே தேக்கு பெஞ்சு, பிரசங்க மேடை, நல்ல கதவு இருக்கு. திருட்டுப் போறதுக்குள்ள எல்லாத்தையும் பசுந்தாங்குக்குக் கொண்டாந்துடலாம்னு கமிட்டி பேசுது. வெள்ளிக்கிழமைக்கு லாரி சொல்லியாச்சு. நான் பாத்து முடிவு சொல்லணும்."

"கொண்டு வந்துவிட்டால் அந்த ஆலயம்?"

"அப்புறம் அது வெறுஞ்சுவருதான்" என்றார். ஜன்னல் வழியே கீரைப் பாத்திகள் போய்க்கொண்டிருந்தன. எதிர் இருக்கையில் ஒரு அம்மாள் முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகத் தூங்கினார். ஒரு முட்டையும் உடையவில்லை.

எட்டே கால் மணிக்கு இன்சீன். மேம்பாலம் ஏறி இறங்கியதும் மேரி காத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சு, இடுப்பில் லொஞ்சி என்ற பூப்போட்ட பர்மியக் கைலி, கழுத்தில் சின்னச் சிலுவை. நிலையத்துக்கு முன்னால் சமூசாவைப் பிய்த்துப் போட்டு, முட்டைக்கோஸும் புளித்தண்ணியும் கலந்து விற்கிற கடை அவளுடையது. ஆலயச் சாவி அவளிடம்தான். சைக்கிளோடு பக்கவாட்டில் இருக்கை வைத்த சைக்கா வண்டிகள் இரண்டு பிடித்தாள். ஆளுக்கு இரண்டாயிரம் சாட்.

"ஸ்தோத்திரம் ஐயா. அக்கா, வாங்க. ரயிலு கூட்டமா?" என்றாள். என்னோடு ஒரே வண்டியில் ஏறிக்கொண்டாள். வழி நெடுக எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே வந்தாள். "பெஞ்ச எடுத்துட்டா முடிஞ்சுது அக்கா. பசுந்தாங் போய் வர ஒரு நாளு போயிடுது. ஞாயித்துக்கெழமதான் எனக்கு யாவாரமே. பிள்ளைங்க பர்மாப் பேச்சுதான் பேசுதுங்க. இங்கன உக்காந்து தமிழ்ல ஒரு பாட்டுப் பாடினாத்தான் உண்டு. மறுபடி ஆராதனை வையுங்கன்னு கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள லாரி வருதுங்கறாங்க."

சந்தின் கடைசியில் செங்கல் ஆலயம். ஐம்பது பேர் உட்காரலாம். வாசலுக்கு மேலே தமிழில் ஒரு வசனம், பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. மணிக்கூண்டு இருந்தது, மணி இல்லை. ஜன்னல் கண்ணாடி போன இடங்களில் அட்டை. உள்ளே போனோம். தரை கழுவித் துடைத்திருந்தது. தேக்கு பெஞ்சுகள் வரிசை குலையாமல் இருந்தன. இவ்வளவு சுத்தமான பாழடைந்த ஆலயத்தை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

நிபுணி சும்மா இருப்பாளா? ஆரம்பித்தேன்.

"ஜன்னலுக்குக் கம்பி வலை அடிக்கலாமே, மேரி?"

"அடிச்சோம் அக்கா. வலையப் பிச்சுக் கொண்டுபோயி வித்துட்டான்."

"வாசல் கேட்டுக்கு நல்ல பூட்டு?"

"பூட்டோட கேட்டையும் கழட்டிட்டுப் போயிட்டான்."

"எச்சரிக்கைப் பலகை?"

"அது நல்ல பலகை அக்கா. அடுப்புக்குப் போச்சு."

வேல்ஸில் கற்ற வித்தை அத்தோடு தீர்ந்தது. ஐயா கதவைத் தட்டிப் பார்த்தார். "ஆனா பெஞ்சு ஒண்ணும் போகலியே. கதவும் இருக்கு. திருட்டு எப்ப நின்னுது?"

"மூணு வருசமாச்சு ஐயா."

"எப்படி நின்னுது?"

"கர்த்தரோட கிருபை" என்றாள் மேரி, கேள்வி முடிவதற்குள்ளேயே. ஐயாவுக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம்.

ஐயா உத்தரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் வழக்கம்போல வெளியே ஒரு சுற்றுச் சுற்றினேன். வேலிக்குள்ளே, கேட் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் அடிமரத்தில் ஈர லொஞ்சி ஒன்று தொங்கியது. பத்தடியில் துணிக்கொடி காலியாக இருக்கும்போது மரத்தில் யார் துணி காயப்போடுவார்கள்? ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மரத்தில் ஆணியடித்த ஒரு சின்ன மரவீடு. உள்ளே சிவப்புத் துணி, குதிரைமேல் ஒரு பொம்மை உருவம், தண்ணீர்க் கிண்ணம், வாடிய பூ. நாட் என்று பர்மியர்கள் வணங்கும் காவல் தெய்வம்! கிறிஸ்தவ ஆலயத்தின் வளாகத்துக்குள்ளே!

மேரி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஐயாகிட்ட சொல்லிடாதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"இது யார் வைத்தது?"

"எதுத்த வீட்டுப் பெரியவரு ஊ தின் மாவுங். ரயில்வேயில எங்கப்பாகூட வேலை பாத்தவரு. ஆனா வைக்கச் சொன்னது நாந்தான். மணி போச்சு, கண்ணாடி போச்சு, அடுத்து கதவுதான்னு தெரிஞ்சுது. அவருகிட்டப் போயி அழுதேன். இதக் கொண்டாந்து வச்சாரு. அன்னைலருந்து ஒரு ஆணி போகல அக்கா."

சொல்லிவிடுவது நியாயமா, மறைப்பது நியாயமா என்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. உள்ளே போய் ஐயாவிடம் கூரையைப் பற்றி, சுண்ணாம்பைப் பற்றி, உத்தரத்தைப் பற்றி வாய் ஓயாமல் கேள்வி கேட்டு நிறுத்திவைத்தேன்.

பத்து மணிக்கு எல்லாம் கெட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட எழுபது வயதுக்காரர் ஒருவர், கையில் பூவும் தண்ணீருமாகத் தெருவைக் கடந்து வந்தார். மேரி வாசலில் நின்று கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள். ஊ தின் மாவுங் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு, மரத்தடிக்குப் போய் ஈர லொஞ்சியை எடுத்து ஒழுங்காக மடித்து அவளிடமே நீட்டினார். பிறகு பூவை வைத்துக் கும்பிட்டார்.

"என்ன செய்யறாரு அவரு?" என்று ஐயா வெளியே வந்தார்.

அடுத்த கால் மணி நேரம் பர்மியத்தில் நடந்தது. மேரி எனக்குத் தமிழில் சொன்னாள். நாட் தெய்வத்தைத் துணி போட்டு மூடுவது மரியாதையில்லையாம், கோபம் வந்துவிடுமாம். அதனால்தான் எடுத்தாராம். பிறகு ஐயா அவள் பக்கம் திரும்பினார்.

"ஆலய வளாகத்துல விக்கிரகமா மேரி? கர்த்தரால காப்பாத்த முடியலன்னு இதக் கொண்டாந்து வச்சியா?"

மேரி தலை குனியவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "கர்த்தர் என்னயக் காப்பாத்தறாரு ஐயா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா திருடன் நம்ம சபையில்லையே. அவனுக்கு நம்ம கர்த்தர்மேல பயமில்ல, இவருமேலதான் பயம். நான் இத ஒரு நாளும் கும்பிட்டதில்ல. ராத்திரிக் காவலுக்கு ஆளு வச்சா அவன் என்ன மதம்னா கேப்பீங்க?"

ஐயாவின் முகம் சிவந்தது. உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் மரத்தடியில் நின்றோம். ஊ தின் மாவுங் என்னைப் பார்த்துத் தமிழில், "நல்லாருக்கியளா?" என்றார். ரயில்வேயில் கற்ற தமிழாம். நல்லாயிருக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து ஐயா வந்தார். நேரே தெருவுக்குப் போய் வேலியைப் பார்த்தார். வேலிக்கு வெளியே, சந்து ஓரமாக இன்னொரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. "இது யாரோடது?"

"முனிசிபாலிட்டி ஐயா."

"வேலிக்கு வெளியே இருக்கறது கமிட்டிக்குச் சம்பந்தமில்ல" என்றார்.

மேரிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் ஊ தின் மாவுங்கிடம் ஓடினாள். அவர் மரவீட்டின் முன் கைகூப்பி, இடம் மாற உத்தரவு கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்து, "யா பா தே" என்றார். சரியாம். வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலும் சுத்தியலும் வந்தன. பெரியவர் ஏறியதும் ஸ்டூல் ஆடியது. ஐயா சட்டென்று போய்ப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஸ்டூலத்தான் புடிக்கறேன்" என்றார் என்னிடம். நான் ஒன்றும் கேட்கவேயில்லை.

பெரியவர் மரவீட்டை ஆலயத்தைப் பார்த்தபடி வைத்து ஆணியை ஓங்கினார். ஐயா பொறுக்கமாட்டாமல், "அந்தப் பக்கம் பாத்து என்ன பிரயோசனம்? ரோட்டப் பாத்து வைக்கச் சொல்லு. திருடன் அங்கருந்துதானே வர்றான்!" என்றார். மேரி வாயைப் பொத்திக்கொண்டு அதைப் பர்மியத்தில் சொன்னாள்.

பிறகு ஐயா கைப்பேசியை எடுத்து, வெள்ளிக்கிழமை லாரி வேண்டாம் என்றார். மேரி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. ஊர் சுற்றப் போன இடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்று மணி ரயிலில் திரும்பினோம். மடியில் மேரி கட்டிக்கொடுத்த சமூசா. "இத எழுதுவீங்களா?" என்று ஐயா கேட்டார். எழுதுவேன் என்றேன். "சந்து பேரு மட்டும் வேண்டாம்மா" என்றார். அதனால் அதை மட்டும் எழுதவில்லை.

எங்கள் ஊரிலும் பூட்டிய ஆலயம் ஒன்று உண்டு. திருடன் வந்து பூட்ட வைத்ததல்ல. சபைக்குள் இரண்டு கட்சி, ஒருவர்மேல் ஒருவர் வழக்கு, ஆளுக்கொரு பூட்டு. சண்டை தீரும்வரை யாரும் உள்ளே போக முடியாது. இன்சீனில் பூட்டு போனாலும் ஆலயம் நிற்கிறது என்பதை ஊரில் போய் எப்படிச் சொல்வதென்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை எனக்கு விமானம். அதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை, மேரி கடையைத் திறக்கவில்லை. அஞ்சு குடும்பமும் இன்சீன் ஆலயத்துக்கு வந்திருந்தது, பிள்ளைகள் உட்படப் பத்தொன்பது பேர். பாட்டுப் புத்தகம் இல்லாததால் தெரிந்த பாட்டையே இரண்டு தடவை பாடினோம். பிள்ளைகளுக்கு வார்த்தை தெரியவில்லை, ராகம் தெரிந்திருந்தது. கடைசியில் ஐயா எழுந்து ஜெபித்தார். வியாதியஸ்தருக்காக, பிரயாணம் போகிறவர்களுக்காக, நாட்டின் சமாதானத்துக்காக. "இந்த ஆலயத்தைக் காவல் காக்கிறவர்களையும் ஆசீர்வதியும், ஆண்டவரே" என்றார். அங்கே நிறுத்தினார். எல்லாரும் ஆமென் சொல்லலாமா என்று காத்திருந்தோம்.

"எல்லாரையும்" என்றார்.

மேரி சொன்ன ஆமென் தெருவுக்கே கேட்டிருக்கும்.