எடைமேடை திறக்காத நாள்

இன்று காலை அரூரில் ஒரு சான்றிதழ் எடுக்க இ-சேவைக் கடைக்குப் போயிருந்தேன். கடையிலிருந்த கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. "ஓப்பன் ஆவலைங்க," என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த பெண். எனக்கோ மூக்கில் மாம்பழ வாசனை ஏறியது. சிரிக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த 'டிங்'கை நான் அதிகம் கேட்டது ஒரு மாம்பழக்கூழ் ஆலையில். அங்கே சுவரைத் தொட்டாலும் கை பிசுபிசுக்கும்.

அப்போது தர்மபுரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். தோள்பையில் இருபது சிடி, சட்டைப்பையில் இரண்டு பேனா. எதற்கு இரண்டு என்று இன்றுவரை தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் பெரிய ஆள் என்ற நினைப்பு இன்னும் கொஞ்சம் ஏறும்.

சீசன் மும்முரத்தில் ஒருநாள் ஆலையிலிருந்து போன் வந்தது. எடைமேடை மென்பொருள் திறக்கவில்லையாம். போய்ப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே பதினாலு டிராக்டர் பெங்களூரா ரக மாங்காயோடு வெயிலில் நிற்கிறது. எடை போடாமல் ஒரு வண்டியும் உள்ளே போகாது.

எடை போடும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் இருந்தவர் ஸ்டெல்லா அக்கா. பழம் பொறுக்கும் பெல்ட்டில் ஏழெட்டு வருடம் நின்றே வேலை பார்த்து முட்டி தேய்ந்துபோனவர். அந்த வருடம்தான் உட்காரும் வேலை கிடைத்திருந்தது. மேனேஜர் என் எதிரிலேயே சொன்னார்: "எதையோ அமுக்கிக் கெடுத்துட்ட. மத்தியானத்துக்குள்ள ஓடலைன்னா நாளைக்கு பெல்ட்டுக்கே போயிடும்மா."

அவர் நகர்ந்ததும் அக்கா மெதுவாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் அமுக்கலைங்க சார். காலையில கூட்டுறப்ப அந்த நீல வயரு கழண்டுச்சு. அப்ப மட்டும் தொறந்துச்சுங்க. மாட்டுனதும் மறுபடி நின்னுபோச்சு."

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறீங்களே அக்கா," என்று நான் சிடியை எடுத்தேன். மென்பொருளை நீக்கினேன், திரும்பப் போட்டேன், கம்ப்யூட்டரை மூன்று தடவை அணைத்து இயக்கினேன். 'டிங்'. வெளியே யாரோ ஹாரனை விடாமல் அமுக்கினார்கள். பதினொன்றரைக்கு, வேறு வழி தெரியாமல், அந்த நீல வயரைப் பிடுங்கினேன். திறந்துகொண்டது.

விஷயம் இதுதான். பெங்களூர் தலைமை அலுவலகம், தூரத்திலிருந்தே மேற்பார்வை பார்க்க எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டிருந்தது. ஏஜென்ட் என்போம். எதைத் திறந்தாலும் அது முதலில் பெங்களூர் சர்வரிடம் அனுமதி கேட்கும். முந்தின நாள் அந்தச் சர்வரையே எடுத்துவிட்டு வேறொன்று வைத்துவிட்டார்கள். இது பழைய ஏஜென்ட், புது முகவரி தெரியாது. காலி பண்ணிப் போனவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. நீல வயர்தான் பெங்களூரோடு பேசும் நெட்வொர்க் வயர்; அது இல்லையென்றால், கேட்க வழியில்லை என்று விட்டுவிடும்.

வண்டிகள் உள்ளே வர ஆரம்பித்தன. "கெட்டிக்காரன்பா நீ. எப்படிக் கண்டுபுடிச்ச?" என்றார் மேனேஜர்.

"அனுபவந்தானுங்க சார்," என்றேன். ஆறு மாத அனுபவம்! அக்கா மேல் தப்பில்லை என்பதை மட்டும் சொன்னேன். வழி காட்டியதே அவர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். கிளம்பும்போது நாலு பழம் கொடுத்தார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சீசனில் அந்த நாற்காலியில் டிப்ளமா படித்த ஒருவர் இருந்தார். "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளாவே போட்டுட்டேன். போன வருசம் நீ இல்லன்னா மாட்டியிருப்போம்," என்றார் மேனேஜர்.

எனக்குச் சுருக்கென்றது. "அன்னைக்கு கண்டுபுடிச்சது ஸ்டெல்லா அக்காதானுங்க சார்."

அவர் என் முதுகில் தட்டிச் சிரித்தார். தன்னடக்கமாம் எனக்கு.

மறுபடி பெல்ட்டில் நின்றிருந்த அக்காவிடம் போய், அன்று அவர் பேரைச் சொல்லாமல் விட்டது தப்பு என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அட வுடுங்க சார், வண்டியெல்லாம் உள்ள வந்துச்சில்ல," என்று கால் மாற்றி நின்றார்.

இன்று ஏஜென்ட்டுகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. நான் அதியமான்கோட்டையில் வீட்டிலிருந்தே எந்த ஊர்க் கம்ப்யூட்டரையும் சரிசெய்கிறேன். புகார் ஒரு எண்ணாக வரும், முடிந்ததும் போய்விடும். அன்று பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு முடிவெடுத்திருந்தேன்: இனி எங்கே போனாலும், "காலையில என்ன நடந்துச்சுங்க?" என்றுதான் முதலில் கேட்பது. இப்போது கேட்க எதிரே ஆளில்லை. புகார்ப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.